கோழிச் சாற்றின் பலம் எங்கே இருக்கிறது?

காய்ச்சல் விட்டு எழுந்து உட்காருகிறவர் கையில் முதலில் தரப்படும் கிண்ணம் உலகின் பல மூலைகளிலும் ஒன்றுதான்: கோழி வெந்த நீர். அதை இறக்கும் முறையில்தான் ஊருக்கு ஊர் ஒத்துப்போவதில்லை. பிரெஞ்சுச் சமையலறையில் கோழியைக் குளிர்ந்த நீரில் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல், நுரையை அள்ளிக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். சீனச் சமையலில் கோழியை முதலில் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் தொடங்குவது வழக்கம். கொரியாவில் கோடை உச்சத்தில் வரும் 'சம்போக்' எனப்படும் மூன்று நாட்களில், இளங்கோழியின் வயிற்றில் அரிசியும் ஜின்செங் வேரும் அடைத்துக் கொதிக்கக் கொதிக்க உண்கிறார்கள். தமிழ்நாட்டில் நாட்டுக்கோழியை எலும்போடு தட்டிப்போட்டு, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் இடித்துச் சேர்த்து, குக்கரில் ஆறேழு விசில் விடுவது இன்று பெருவழக்கு.

இத்தனை முறைகளும் ஒரே காரணத்துக்காகப் பிறந்திருக்க முடியாது. குளிர்நீரா கொதிநீரா, எலும்பா கறியா, ஒரு மணி நேரமா பன்னிரண்டு மணி நேரமா என்ற ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னாலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோழியின் பலம் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கிறது, அதை நீரில் இறக்க இதுவே வழி என்ற நம்பிக்கை அது. அரசவை மருத்துவர்கள், தர்ம விடுதி நடத்தியவர்கள், வேதியியலாளர்கள், செவிலியர்கள் என்று பலர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகளில் சில தோற்றுப்போய் நெடுங்காலமாகிறது. அவை பழக்கிவிட்ட கைவேலை மட்டும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. வீட்டில் சாறு வைப்பவர் எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று தெளிய வேண்டுமானால் அந்த விடைகளை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது.

சூடும் குளிர்ச்சியும்

மிகப் பழைய விடை உடலின் தன்மைகளைச் சார்ந்தது. கிரேக்க மருத்துவர் கேலனின் வழியில் வந்த அரபு மருத்துவமும், பிறகு எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த யூத மருத்துவர் மைமோனிடசும், உடலின் சமநிலை குலைவதே நோய் என்று கொண்டார்கள். கோழிச் சாறு அந்தச் சமநிலையை மீட்கும் என்பது மைமோனிடசின் கருத்து. ஆஸ்துமா பற்றி அவர் எழுதிய நூலிலும் கோழிச் சாற்றுக்கு இடம் உண்டு. யூதக் குடும்பங்களில் கோழி சூப் மருந்தின் தகுதியைப் பெற்றதற்கு அவர் பெயரே பெரும்பாலும் சான்றாகச் சொல்லப்படுகிறது.

இந்தியாவிலும் இதற்கு இணையான எண்ணம் தனியே வளர்ந்தது. சரக சம்ஹிதை இறைச்சிச் சாற்றை இளைத்த உடலைத் தேற்றும் உணவாகக் கருதுகிறது. ஆயுர்வேதம் கோழிக்கறியைச் சூடான, நெய்ப்புள்ள, வலுவூட்டும் கறி என்று வகைப்படுத்துகிறது. 'நாட்டுக்கோழி சூடு' என்று இன்றும் தமிழ் வீடுகளில் சொல்லப்படும் பேச்சு இந்த மரபின் தொடர்ச்சி. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நல்லெண்ணெயில் வதக்கிய நாட்டுக்கோழி கொடுப்பது நம் வழக்கம். தைவானில் அதே காலத்தில் கொடுப்பது எள்ளெண்ணெயும் அரிசி மதுவும் சேர்த்த கோழி. சீனர்கள் கருந்தோல், கரிய எலும்பு கொண்ட கோழியை மருந்துச் சாற்றுக்குத் தேர்ந்தெடுப்பது போலவே, இந்தியாவிலும் கருங்கோழிக்கு மருத்துவப் பெயர் உண்டு. 2018இல் புவிசார் குறியீடு பெற்ற மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத் கோழி அந்தப் பெயராலேயே நல்ல விலைக்குப் போகிறது.

இந்த விடையின் குறை வெளிப்படை. நோயாளி தேறினால் சூடு சேர்ந்தது என்பார்கள், தேறாவிட்டால் சூடு மிஞ்சியது என்பார்கள். எந்த முடிவு வந்தாலும் விளக்கம் தயாராக இருப்பதால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆனாலும் இந்த மரபைத் தள்ளிவிடும்முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேவலா பெட்டையா, விடைக்கோழியா கிழக்கோழியா, மேய்ந்ததா அடைத்து வளர்த்ததா என்று பறவையைப் பார்த்துப் பார்த்துப் பேசியவர்கள் அவர்களே. பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் 'கோழி' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டன. பறவையைப் பொறுத்துச் சாறு எவ்வளவு மாறுகிறது என்பதை நினைத்தால், இது சிறிய இழப்பு அல்ல.

எலும்பைக் கரைத்தவர்கள்

இரண்டாவது விடை ஓர் இயந்திரத்தோடு வந்தது. பிரெஞ்சுக்காரரான தெனி பாப்பான் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டி முன் இறுக மூடிய ஓர் இரும்புக் கலத்தைக் காட்டினார். உள்ளே அடைபட்ட ஆவியின் அழுத்தத்தில் நீரின் கொதிநிலை உயர்ந்து, கடும் எலும்பும் மெத்தென்று ஆனது. கலம் வெடிக்காமல் இருக்க அதன் மேல் எடை வைத்த ஓர் அடைப்பானையும் அவர் பொருத்தியிருந்தார். இன்று குக்கரின் மேல் உட்கார்ந்து விசிலடிக்கும் 'வெயிட்டு'க்கு அதுவே மூதாதை. 1682இல் சொசைட்டி உறுப்பினர்கள் அந்தக் கலத்தில் சமைத்த விருந்தை உண்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மென்மையாகிவிட்டதும், கொஞ்சம் கரியே அதற்குப் போதுமாக இருந்ததும் அவரை வியக்கவைத்தன.

எறியும் எலும்பிலிருந்து உணவு என்ற எண்ணம் பசி மிகுந்த ஐரோப்பாவைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்ததும் கூழாக உறையும் ஜெலட்டினே இறைச்சியின் சாரம் என்று பலர் நம்பினார்கள். பிரான்சில் தார்சே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பெருமளவில் பிரிக்கும் முறைகளை உருவாக்கினார். 1820களின் இறுதியில் பாரிசின் மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு அந்தச் சாறு ஊற்றப்பட்டது. குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். மருத்துவர்கள் சிலர், இதனால் நோயாளிகள் தேறவில்லை என்றே சொன்னார்கள்.

வழக்கு பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குப் போனது. உடலியலாளர் பிரான்சுவா மஜாந்தி தலைமையில் ஜெலட்டின் குழு அமைந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாய்களைக்கொண்டு சோதித்து, 1841இல் அறிக்கை தந்தது. ஜெலட்டினை மட்டும் உண்ட நாய்கள் இளைத்து, ஒரு கட்டத்தில் அதை மோந்துகூடப் பார்க்காமல், மடிந்தன. அறிக்கையில் இன்னொரு முடிவும் இருந்தது. அது ஏனோ அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. தசையின் ஃபைப்ரினைத் தனியாகக் கொடுத்தாலும், ஆல்புமினைத் தனியாகக் கொடுத்தாலும் நாய்கள் தேறவில்லை. ஆகவே ஜெலட்டின் பயனற்றது என்பதைவிட, பிரித்தெடுத்த இந்தப் பொருள்களில் எதுவும் தனியே உணவாகாது என்பதே அந்தச் சோதனைகள் காட்டிய பெரிய உண்மை எனலாம்.

காரணம் 60 ஆண்டுகள் கழித்தே துலங்கியது. 1901இல் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்சும் கோலும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். உடல் தானே செய்துகொள்ள முடியாத அமிலங்களில் அது ஒன்று. ஜெலட்டினில் அது கிடையாது. ஜெலட்டினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிக எளிய அமிலம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் சத்து அட்டவணைப்படி வீட்டில் வைத்த கோழிச் சாறு 240 மில்லியில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் சாற்றுப் புரதத்தில் நல்ல பங்கு ஜெலட்டின் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சாற்றோடு சோறோ பருப்போ கறியோ சேரும்போது அந்தக் குறை நிரம்பிவிடுகிறது. சாறு மட்டுமே குடித்துக் கிடக்கும் நோயாளிக்கு அது நிரம்புவதில்லை.

கறியைப் பிழிந்தவர்கள்

எலும்பு இல்லையென்றால் கறி. 1806இல் லூயி ழாக் தெனார் இறைச்சியிலிருந்து சாராயத்தில் கரையும், பழுப்பு நிறமும் மணமும் கொண்ட ஒரு பொருளைப் பிரித்து 'ஆஸ்மசோம்' என்று பெயரிட்டார். 1825இல் வெளியான 'ருசியின் உடலியல்' நூலில் பிரியா-சவரின் நல்ல சாற்றின் உயிரே அதுதான் என்று கொண்டாடினார். ஒற்றைப் பொருளாக ஆஸ்மசோம் என்று ஒன்று இல்லை. அது பல பொருள்களின் கலவை என்று பின்னர் தெரிந்தது. ஆனால் கறியின் மணமும் ருசியும் நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளில் இருக்கின்றன என்ற ஊகம் பொய்க்கவில்லை.

அந்த ஊகத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக். 1847இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தசைச் சாறுகளே இறைச்சியின் உயிர் என்றது. அதிலிருந்து இரண்டு சமையல் விதிகள் பிறந்தன. நல்ல சாறு வேண்டுமானால் கறியைப் பொடியாக நறுக்கிக் குளிர்நீரில் தொடங்கி மெல்லச் சூடாக்கு. நல்ல கறி வேண்டுமானால் கொதிநீரில் போடு, மேற்புறம் இறுகிச் சாறு உள்ளேயே அடைபடும். இரண்டாவது விதி தவறு. எவ்வளவு சூட்டில் போட்டாலும் கறி வேகவேகச் சாறு வெளியேறத்தான் செய்யும். முதல் விதி இன்றுவரை நிற்கிறது, ஆனால் லீபிக் சொன்ன காரணத்துக்காக அல்ல. அதைப் பிறகு பார்க்கலாம்.

1865இல் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் லண்டனில் பதிவாகி, உருகுவே நாட்டின் ஃபிராய் பென்டோசில் மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்து வற்றக்காய்ச்சி, ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஒரு கிலோ சாரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோ கறி. முப்பது கிலோவின் சத்தும் ஒரு சிறு ஜாடியில் அடங்கிவிட்டது என்று வாங்கியவர்கள் எண்ணினார்கள். மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். புரதமும் கொழுப்பும் பின்தங்கிவிடுகின்றன, ஜாடியில் இருப்பது உப்பும் ருசியும்தான் என்றார்கள். லீபிக்கும் தம் பேச்சைப் படிப்படியாகத் தணித்துக்கொள்ள நேர்ந்தது.

இந்த விவாதத்தில் மிகத் தெளிவான குரல் வேதியியலாளருடையது அல்ல, ஒரு செவிலியருடையது. 1859இல் வெளிவந்த 'செவிலிமைக் குறிப்புகள்' நூலில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மாட்டுச் சாறு மிகச் சத்துள்ள உணவு என்ற நம்பிக்கையைப் பெரும் பிழைகளில் ஒன்றாகச் சுட்டினார். ஒரு பவுண்டு கறியில் இறக்கிய சாற்றைச் சுண்டவைத்துப் பாருங்கள், அரைப் பைன்ட் நீருக்கு ஒரு தேக்கரண்டி திடப்பொருள்கூடத் தேறாது என்பது அவர் சொன்ன சோதனை. அதோடு அவர் நிற்கவில்லை. அந்தச் சாற்றில் உடலைச் சீர்செய்யும் ஏதோ ஒரு தன்மை இருக்கிறது, அது இன்னதென்று தெரியவில்லை என்றும் எழுதினார். படுக்கையருகே நின்று கண்டதை வேதியியல் மறுக்கிறது என்பதற்காக மறைக்கவுமில்லை, கண்டதற்காக வேதியியலை ஒதுக்கவுமில்லை. இந்தக் கேள்வியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு நேர்மையான பக்கங்கள் அதிகமில்லை.

லீபிக்கின் ஜாடி ஒரு வகையில் பயன்பட்டது. 1900இல் ருசிய வேதியியலாளர் குலேவிச் அதிலிருந்து கார்னோசின் என்ற பொருளைக் கண்டெடுத்தார். கோழியின் நெஞ்சுக்கறியில் கார்னோசினும் அதன் உறவான அன்செரினும் நிறைய உண்டு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, தைவான் நாடுகளில் சிறு குப்பிகளில் விற்கும் கோழிச் சாரம் இந்தப் பெயர்களை இன்று சான்றாகக் காட்டுகிறது. தேர்வெழுதும் பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்தக் குப்பியை வாங்கும் பழக்கம் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்நியமல்ல.

நாக்கு சொன்ன விடை

1908 இந்த வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டில் டோக்கியோவில் கிக்குனே இக்கேடா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டு, அந்த ருசியை 'உமாமி' என்றார். அதே 1908இல் சுவிட்சர்லாந்தில் மேகி நிறுவனம் சாற்றுக் கட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1913இல் இக்கேடாவின் மாணவர் கொதாமா, உலர்ந்த போனிட்டோ மீனில் இனோசினேட்டைக் கண்டார். 1950களின் இறுதியில் குனினாகா, இந்த இரண்டும் நாக்கில் சேரும்போது ருசி கூடுவதில்லை, பன்மடங்கு பெருகுகிறது என்று காட்டினார்.

கோழிக்கு இது நேரடியாகப் பொருந்தும். அறுத்தபின் தசையில் மிச்சமிருக்கும் ஆற்றல்பொருள் சில மணி நேரத்தில் இனோசினேட்டாகச் சிதைகிறது. நாட்கள் கடந்தால் அதுவும் சிதைந்து ருசி மங்குகிறது. அதனுடன் குளுட்டமேட் நிறைந்த தக்காளி சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கோழி ரசம் வைக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். கொம்புவையும் போனிட்டோவையும் சேர்க்கும் ஜப்பானியச் சாறும், தக்காளியையும் கோழியையும் சேர்க்கும் தமிழ் ரசமும் ஒரே வேதியியலில் வந்து நிற்கின்றன. மணத்தின் கதை வேறு. கோழிக்கே உரிய கொழுப்பு மணத்துக்கு முக்கியக் காரணம் டெக்காடையீனல் என்ற பொருள்; கோழிக் கொழுப்பிலுள்ள லினோலிக் அமிலம் சூட்டில் சிதைந்து அது பிறக்கிறது. தோலையும் கொழுப்பையும் முழுக்க நீக்கிவிட்டு வைத்த சாறு ஏன் வெறும் உப்புநீர் போலத் தோன்றுகிறது என்பதற்கு இதுவே விடை.

இந்த விடையின் பலம், அது அளந்து பார்க்கக்கூடியது என்பது. பலவீனம், அது கேள்வியை மாற்றிவிடுகிறது என்பது. ருசி ஏன் வருகிறது என்பதற்கும் உடல் ஏன் தேறுகிறது என்பதற்கும் இடையில் இன்னும் வழி இருக்கிறது. ஆனால் பசியற்றுக் கிடப்பவரைக் குடிக்கவைக்கும் ருசியைச் சிறியதென்று ஒதுக்குவது நோயாளியைப் பார்த்தவர் செய்யும் காரியமல்ல.

சளியும் இரண்டு ஆய்வுகளும்

கோழிச் சாறு சளிக்கு நல்லது என்பதற்குத் திரும்பத் திரும்பக் காட்டப்படும் ஆய்வுகள் இரண்டு. இரண்டும் 'செஸ்ட்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தவை.

முதலாவது 1978இல் மயாமி கடற்கரை நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவ மையத்திலிருந்து வந்தது. 15 பேருக்குச் சுடுநீர், குளிர்நீர், கோழி சூப் கொடுத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். சுடுநீரை உறிஞ்சியபோது அது நிமிடத்துக்கு 6.2 மில்லிமீட்டரிலிருந்து 8.4 ஆனது. சூப்புக்கு 6.9இலிருந்து 9.2. ஆவி மூக்கில் படாதபடி உறிஞ்சுகுழலில் குடித்தபோது சுடுநீரின் பயன் காணவில்லை, சூப்பின் பயன் ஓரளவு எஞ்சியது. குளிர்நீரோ வேகத்தை 7.3இலிருந்து 4.5க்குக் குறைத்துவிட்டது. சூப்பில் வெறும் சூட்டைத் தாண்டி ஏதோ இருக்கலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது இதனால்தான். ஆனால் அந்த 15 பேரும் சளி பிடிக்காதவர்கள். சூட்டால் வந்த பயன் அரைமணி நேரத்தில் மறைந்துவிட்டது. மூக்கடைப்பின் அளவில் மாற்றமே இல்லை.

இரண்டாவது 2000இல் வெளியானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஸ்டீபன் ரென்னார்டும் குழுவினரும், குடும்பத்தில் வழிவழியாக வந்த லித்துவேனியச் சூப்பைச் சோதித்தார்கள். கோழியோடு வெங்காயம், சர்க்கரைவள்ளி, கேரட், டர்னிப், செலரி, பார்ஸ்லி முதலியன அதில் இருந்தன. அழற்சி உண்டாகும் இடத்துக்கு நியூட்ரோபில் வெள்ளணுக்கள் நகர்வதைச் சூப் மட்டுப்படுத்தியது. சளியின் தொல்லைகள் பலவும் வைரசால் அல்ல, அதற்கு உடல் காட்டும் எதிர்வினையால் வருபவை என்பதால் இது கவனிக்கத்தக்கது. காய்கள் தனியாகவும் அந்த வேலையைச் செய்தன, கோழி தனியாகவும் செய்தது. கடையில் வாங்கிய சூப்புகளில் வீரியம் வகைக்கு வகை மாறியது. எல்லாமே ஆய்வகக் கலத்தில் நடந்தவை. குடித்த சூப் செரித்து இரத்தத்தில் கலந்தபின் அதே வேலையைச் செய்யுமா என்பதை அந்த ஆய்வு கேட்கவில்லை. ஆய்வாளர்களும் அப்படி உரிமை கொண்டாடவில்லை.

தமிழ்ச் சமையல் இங்கே இன்னொரு குழப்பத்தைச் சேர்க்கிறது. மிளகின் காரமும் மிளகாயின் காரமும் வாயிலும் மூக்கிலும் உள்ள நரம்புகளைத் தூண்டி மூக்கை ஒழுகவைப்பவை. கோழி உண்ணாத வீடுகளில் அதே சளிக்கு மிளகு ரசம் கொடுக்கிறார்கள், அவர்களும் அதே நிம்மதியைச் சொல்கிறார்கள். அப்படியானால் கோழி ரசத்தில் வேலை செய்வது கோழியா, மிளகா, சூடா?

எலும்பின் மறுவருகை

மஜாந்தியின் அறிக்கையோடு முடிந்த எலும்புக் கதை 2010களில் 'எலும்புச் சாறு' என்ற பெயரில் திரும்பிவந்தது. இம்முறை சொன்ன காரணங்கள், ஜெலட்டினாகக் கரையும் கொலாஜனும் கால்சியமும். ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவை, காடி ஊற்று, எலும்பின் தாதுக்கள் இறங்கும் என்பது அதன் விதி.

கால்சியக் கணக்கு இதற்கு முன்பே போடப்பட்டது. 1934இல் மக்கான்ஸ், ஷெல்டன், விடோசன் மூவரும் லண்டனில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எலும்புச் சாறுகளை அளந்து, பாலுக்கு அருகில்கூட அவை வராது என்று கண்டார்கள். 2017இல் தைவானில் நடந்த ஆய்வு, புளிப்பும் நீண்ட நேரமும் கால்சியத்தைக் கூடுதலாக இறக்குவது உண்மைதான் என்றது; ஆனாலும் ஒருவேளைச் சாற்றில் கிடைப்பது ஒரு நாள் தேவையில் 5 சதவீதத்தையும் எட்டவில்லை. எலும்பு சேர்த்துவைக்கும் ஈயமும் கூடவே இறங்கக்கூடும் என்று 2013இல் பிரிட்டனிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. இயற்கை முறையில் வளர்த்த கோழியின் எலும்புச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 7 மைக்ரோகிராம் ஈயமும், தோலும் குருத்தெலும்பும் கொதித்த சாற்றில் 9.5 மைக்ரோகிராமும் இருந்தன. அதே முறையில் கொதிக்கவைத்த வெறும் நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு 10. எப்போதாவது குடிப்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பச்சிளங்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தினமும் பல கிண்ணம் ஊற்றுவதற்கு இது நல்ல சான்று அல்ல. கொலாஜனைப் பொறுத்தவரை, அது அப்படியே மூட்டுக்கோ தோலுக்கோ போய்ச் சேர்வதில்லை. குடலில் அமினோ அமிலங்களாகவும் அவற்றின் சிறு கோவைகளாகவும் உடைந்தே உள்ளே போகிறது.

அடுப்பின் முன்

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பானையைப் பார்த்தால் சில வழக்குகள் தீர்ந்துவிடுகின்றன.

குளிர்நீரில் தொடங்குவது நல்லது. கொதிநீரில் போட்டால் சத்து உள்ளேயே அடைபடும் என்பதற்காக அல்ல. மெல்லச் சூடேறும்போது கறியிலிருந்து கரையும் புரதங்கள் பெரிய நுரைத் திரளாகச் சேர்ந்து மேலே வரும், எளிதில் அள்ளிவிடலாம். கொதிநீரில் போட்டால் அவை பொடியாகச் சிதறிச் சாற்றைக் கலக்கிவிடும். அந்த நுரை அழுக்கோ நஞ்சோ அல்ல, இறுகிய புரதம். அள்ளாவிட்டால் தெளிவு மட்டும் கெடும். சீனர்களின் முக்கியெடுக்கும் முறையும் இதே தெளிவுக்கான வேறு வழி. கொஞ்சம் ருசியை விலையாகக் கொடுக்கிறது. தளதளவென்று கொதிக்கவைத்தால் ஜெலட்டின் கொழுப்பைத் துளிகளாகப் பிடித்துவைத்துச் சாறு பால்போல வெளுக்கும். பிரெஞ்சுக்காரர் குற்றமாகக் கருதும் அந்த வெண்மையை ஷான்டாங் சமையலும் ஜப்பானின் தோரி பைத்தானும் வேண்டியே உண்டாக்குகின்றன. இது ருசி பற்றிய வழக்கு, சத்து பற்றியது அல்ல.

நேரத்தை முடிவுசெய்வது பறவையின் வயது. கொலாஜன் சுமார் 60 டிகிரியிலேயே தளரத் தொடங்கினாலும், அது ஜெலட்டினாக நன்கு கரைய 80 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கு வேண்டும். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் கறிக்கு வருகிறது. அதன் இழைகளில் குறுக்குப் பிணைப்பு குறைவு. சீக்கிரம் வெந்து, அதிகம் வைத்தால் நாராகிப் போகும். ஓடித் திரிந்த நாட்டுக்கோழியும், எழுபது வார வயதுக்கு மேல் முட்டையிட்டு ஓய்ந்து வரும் லேயர் கோழியும் விடாப்பிடியானவை. அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தணலில் கொடுத்தால், பிராய்லரில் காணாத அடர்த்தி கிடைக்கும். பிராய்லர்தான் கையில் இருக்கிறதென்றால் வழி இருக்கிறது: கழுத்து, சிறகு, கால் சேர்த்துக்கொள்வது, நெஞ்சுக்கறி வெந்ததும், அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும், அதை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் தொடர்வது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கால்களில் தோலும் குருத்தும் மிகுதி என்பதால், சாறு குளிர்பெட்டியில் கட்டியாக உறையும். அந்த உறைவு ஜெலட்டினின் அளவைச் சொல்லும், ருசியின் அளவைச் சொல்லாது.

குக்கர் பாப்பானின் கலம்தான். முழு அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரியை நெருங்குகிறது; மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடிகிறது. ஆனால் ஒவ்வொரு விசிலும் மணத்தை வெளியே அனுப்புகிறது, உள்ளிருப்பதைக் குலுக்கிக் கலக்குகிறது. தெரு முழுக்க மணக்கிறது என்றால் பானையில் அவ்வளவு குறைந்திருக்கிறது. முதல் விசிலுக்குப் பின் தீயைச் சிறிதாக்கி, விசிலே வராத அளவில் வைத்து, பிறகு ஆவியைத் தானாக அடங்கவிட்டால் தெளிவும் மணமும் தங்கும். இடித்த மிளகு சீரகத்தைக் கடைசியில் சேர்ப்பதற்கும் இதே காரணம். உப்பும் கடைசியில்தான். வற்றிய பிறகு மிஞ்சிய உப்பை எடுக்க வழியில்லை.

ஆறவைப்பதில் பலரும் கவனம் வைப்பதில்லை. கொதித்ததால் கெடாது என்று பெரிய பானையை இரவு முழுக்க அடுப்பிலேயே விடுவது ஆபத்து. க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியைத் தாங்கி, இளஞ்சூட்டில் விரைவாகப் பெருகக்கூடியவை. அகலப் பாத்திரங்களில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு அனுப்பி, மூன்று நான்கு நாளுக்குள் மறுபடி கொதிக்கவைத்துக் குடித்துவிட வேண்டும்.

தீராமல் நிற்பவை

இதுவரை கண்டதை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. கோழிச் சாறு முழு உணவு அல்ல. எலும்பிலிருந்து அதில் பெரும் கால்சியம் இறங்குவதும் இல்லை. நோயாளிக்குத் தேவையான நீர், உப்பு, சூடு, பசியைத் தூண்டும் ருசி ஆகியவற்றை வேறு எதையும் உண்ண முடியாத வேளையில் ஒன்றாகக் கொடுப்பது அதன் உண்மையான பணி. நைட்டிங்கேல் 'ஏதோ ஒன்று' என்று விட்டுவைத்ததில் பெரும்பகுதி இதுவாக இருக்க இடமுண்டு.

முழுதும் இதுதானா என்பது உறுதியில்லை. மயாமி ஆய்வில் உறிஞ்சுகுழல் வழியாகவும் எஞ்சிய அந்தச் சிறு வேறுபாட்டுக்கு மணம் காரணமா, ருசி காரணமா என்பது தீரவில்லை. கார்னோசினுக்கும் அன்செரினுக்கும் சொல்லப்படும் பயன்கள் ஒரு கிண்ணம் வீட்டுச் சாற்றிலுள்ள அளவுக்குப் பொருந்துமா என்பதும் அப்படியே. நெப்ராஸ்காவின் கலத்தில் வெள்ளணுக்களைத் தடுத்தது எந்த மூலக்கூறு என்று அந்த ஆய்வு பெயர் சொல்லவில்லை. கோழியும் காயும் தனித்தனியே ஒரே வேலையைச் செய்ததால், அது கோழிக்கே உரியது என்று கொள்ளவும் இடமில்லை. பழைய மருத்துவம் வலியுறுத்திய பறவை வேறுபாடு, அதாவது கிழக்கோழிக்கும் இளங்கோழிக்கும், கருங்கோழிக்கும் வெள்ளைக்கோழிக்கும் இடையில் ருசியைத் தாண்டி உடலுக்கு ஏதேனும் வேறுபாடு உண்டா என்பது, இந்த இரண்டு ஆய்வுகளின் எல்லைக்குள் வரவேயில்லை.

கோழியா, மிளகா, சூடா என்று தமிழ் அடுப்படியிலிருந்து எழும் கேள்வியைச் சோதிப்பது கடினமல்ல. ஒரே அளவு மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி, உப்பு, ஒரே சூடு. ஒரு கிண்ணத்தில் கோழிச் சாறு, மறு கிண்ணத்தில் பருப்புத் தண்ணீர். குடிப்பவர்கள் உண்மையில் சளி பிடித்தவர்களாக இருக்க வேண்டும், கணக்கு அரைமணி நேரத்தோடு நிற்காமல் சளி விடும் நாள்வரை போக வேண்டும்.